அலுவலகத்திலும் வீட்டிலும் லினக்ஸ்: எந்தக் கணினியை மாற்றலாம், எதை விட்டுவைக்கலாம்?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்களை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. ஆபிஸ் 2016, ஆபிஸ் 2019 இரண்டுக்கும் அதே நாள்தான் கடைசி. விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி கணினியில் வேண்டும். இன்டெல் பிராசஸராக இருந்தால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறைக்குக் குறையக் கூடாது. நம் ஊர்ச் சிறு அலுவலகங்களில் ஓடிக்கொண்டிருக்கும் 4-ஆம், 6-ஆம் தலைமுறை ஐ3, ஐ5 கணினிகள் எல்லாம் இந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கின்றன. அவற்றில் பலவற்றுக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது. ஒரு எஸ்எஸ்டி போட்டு, ரேமை 8 ஜிபி ஆக்கினால் இன்னும் சில வருஷம் தாராளமாக உழைக்கும்.

விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச ஆபரேட்டிங் சிஸ்டமான லினக்ஸ் பற்றி இதுவரை யோசித்தே பார்க்காதவர்களும் இப்போது விசாரிப்பதற்கு இதுதான் காரணம். விசாரிக்கிறவர்கள் பெரும்பாலும் "விண்டோஸா, லினக்ஸா?" என்று ஒரே கேள்வியாகக் கேட்கிறார்கள். ஆனால் ஓர் அலுவலகத்தில் ஆறு கணினி இருந்தால் ஆறும் ஆறு விதமான வேலை செய்கின்றன. ஒன்றில் டேலி ஓடுகிறது, ஒன்றில் கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கிறார்கள், ஒன்றில் மெயில் பார்ப்பதையும் பில் அடிப்பதையும் தவிர வேறு வேலையே இல்லை. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே முடிவு எடுத்தால் ஏதாவது ஒரு மேசை மாட்டிக்கொள்ளும். என் கருத்து இதுதான்: முடிவை மேசை மேசையாக எடுங்கள், ஆபரேட்டிங் சிஸ்டத்தைக் கடைசியில் தொடுங்கள். மென்பொருள்கள், கோப்புகள், எழுத்துருக்கள் இவை முதலில் மாறட்டும்.

உங்கள் முன்னால் இருக்கும் வழிகள் நான்கு: பழைய விண்டோஸிலேயே தள்ளிப்போடுவது, புதுக் கணினி வாங்கி விண்டோஸ் 11-க்குப் போவது, எல்லாவற்றையும் மொத்தமாக லினக்ஸுக்கு மாற்றுவது, விண்டோஸில் இருந்தபடியே திறமூல (மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும்) மென்பொருள்களுக்குப் பழகி, அப்புறம் ஒவ்வொரு கணினியாக மாற்றுவது.

தள்ளிப்போடுவது

இதைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. வீட்டுப் பயனாளர்களுக்கு மைக்ரோசாஃப்ட் நீட்டிப்பு அப்டேட் தருகிறது. அது 2026 அக்டோபர் 13 வரைதான். நிறுவனங்கள் மூன்று வருஷம் வரை வாங்கிக்கொள்ளலாம். ஆனால் ஒரு கணினிக்கு முதல் வருஷம் 61 டாலர், அடுத்தடுத்த வருஷம் இரட்டிப்பு. மூன்று வருஷத்துக்கும் கூட்டினால் 427 டாலர். அந்தப் பணத்தில் புதுக் கணினியே வந்துவிடும். நீட்டிப்பும் வாங்காமல், அப்டேட்டும் இல்லாமல், அதே கணினியில் நெட் பேங்கிங்கும் ஜிஎஸ்டி தளமும் திறந்துகொண்டிருப்பது நான்கில் மிக மோசமான வழி. நம் ஊரில் நிறையப் பேர் இருப்பது அங்கேதான்.

புதுக் கணினியும் விண்டோஸ் 11-ம்

சில மேசைகளுக்கு இதுதான் சரியான முடிவு. அந்த மேசைகள் எவை என்று பின்னால் சொல்கிறேன். செலவைக் கணக்குப் போடும்போது கணினி விலையோடு நிறுத்தக் கூடாது. ஆபிஸ் சந்தாவையும் சேர்க்க வேண்டும். அது ஒருமுறை கொடுத்து முடிகிற பணம் அல்ல, வருஷா வருஷம் போகும்.

இங்கே வெளிப்படையாகப் பேச வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அசெம்பிள் செய்து தருகிறவர் "எல்லாம் போட்டே தருகிறேன்" என்று சொல்லிக் கொடுக்கும் விண்டோஸும் ஆபிஸும் பல இடங்களில் உரிமம் இல்லாதவை. அதனால் விலை ஒப்பிடும்போது விண்டோஸும் இலவசம், லினக்ஸும் இலவசம் என்பது போன்ற ஒரு தோற்றம் வந்துவிடுகிறது. சட்டம் அப்படிப் பார்க்காது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி, திருட்டுப் பிரதி என்று தெரிந்தே ஒரு மென்பொருளைக் கணினியில் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 வருஷம் வரை சிறைத் தண்டனையும் 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. சட்டத்தைவிட எனக்குப் பெரிய கவலை பாதுகாப்பு. ஆக்டிவேஷனை உடைக்கும் கருவிகளில் பல, முதல் வேலையாக ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லும். அதை அணைத்துவிட்டு, எங்கிருந்தோ வந்த ஒரு நிரலுக்கு முழு அதிகாரமும் கொடுத்துவிட்டு, அதே கணினியில் வாடிக்கையாளர்களின் பான் எண்ணும் வங்கிக் கடவுச்சொல்லும் வைத்திருக்கிறோம். விண்டோஸ் வேண்டும் என்று முடிவெடுத்தால் காசு கொடுத்து வாங்குங்கள். அந்தக் காசு கொடுக்க மனமில்லாத மேசைக்கு லினக்ஸ் போடுங்கள். இரண்டுமே நேர்மையான வழிகள்.

மொத்தமாக மாற்றியவர்களும் படிப்படியாக மாற்றியவர்களும்

மூன்றாவது, நான்காவது வழிகளை ஒப்பிட ஐரோப்பாவில் இரண்டு பெரிய உதாரணங்கள் இருக்கின்றன. ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003-இல் லினக்ஸுக்குப் போக முடிவெடுத்தது. 2006-இல் தொடங்கி 2013 வாக்கில் சுமார் 15,000 கணினிகளை மாற்றியது. கடிதத் தலைப்புகளுக்கும் படிவங்களுக்கும் தாங்களே ஒரு மென்பொருளை எழுதி, அதையும் திறமூலமாக வெளியிட்டார்கள். அவ்வளவு உழைத்தும் 2017-இல் திரும்ப விண்டோஸுக்கே போவது என்று நகர மன்றம் வாக்களித்தது. லினக்ஸால் முடியாது என்பதற்கு இதைத்தான் எல்லோரும் எடுத்துக் காட்டுவார்கள். ஆனால் அங்கே துறைக்குத் துறை கணினிப் பிரிவு சிதறிக் கிடந்தது; சில வேலைகளுக்கு விண்டோஸ் மென்பொருள் தேவைப்பட்டுக்கொண்டே இருந்தது; வெளியிலிருந்து வரும் கோப்புகளின் வடிவம் குலைகிறது என்ற புகார் ஓயவே இல்லை; மேயர் மாறியதும் அரசியல் ஆதரவும் போய்விட்டது.

பிரான்சின் ஜான்தார்மெரி என்ற காவல் படை வேறு வரிசையில் போனது. 2005-இல் விண்டோஸிலேயே, மைக்ரோசாஃப்ட் ஆபிஸுக்கு மாற்றான ஓபன்ஆபிஸைப் போட்டார்கள். அப்புறம் பிரவுசர் ஃபயர்ஃபாக்ஸ் ஆனது, மெயில் தண்டர்பேர்ட் ஆனது. காவலர்கள் இவற்றுக்கு நன்றாகப் பழகிய பிறகு, 2008-இல்தான் அடியில் இருந்த விண்டோஸை எடுத்துவிட்டு உபுண்டு என்ற லினக்ஸ் வகையை வைக்கத் தொடங்கினார்கள். மேலே ஓடும் மென்பொருள்கள் அதேதான் என்பதால் அடித்தளம் மாறியது பெரிய அதிர்ச்சியாக இல்லை. இன்று அங்கே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் லினக்ஸில் ஓடுகின்றன. ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் 30,000 கணினிகளுக்கு 2024-இல் அறிவித்த திட்டமும் இதே வரிசைதான்: முதலில் லிப்ரெஆபிஸ் (ஓபன்ஆபிஸிலிருந்து பிரிந்து வளர்ந்தது), பிறகு மெயில், கடைசியில் லினக்ஸ்.

பக்கத்தில் கேரளத்தைப் பாருங்கள். அங்கே அரசுப் பள்ளிகளில் கைட் என்ற நிறுவனம் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட ஒரு லினக்ஸைத் தருகிறது. முக்கியமான விஷயம் என்னவென்றால், ஐடி பாடப்புத்தகமே அந்த மென்பொருள்களை வைத்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஆசிரியர் பயிற்சியும் அதில்தான். தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் சென்னையில் உருவாக்கிய, நம் மொழிகளுக்கு இடம் கொடுத்த நல்ல முயற்சி அது. பாடத்தோடும் பயிற்சியோடும் அதை யாரும் கட்டிவைக்கவில்லை. கணினியைத் திறந்ததும் எது பழக்கமோ அதைத்தான் பிள்ளைகள் தேர்ந்தெடுத்தார்கள். அலுவலகத்திலும் இதுவேதான் நடக்கும். லினக்ஸைப் போட்டுக் கொடுத்துவிட்டு, பழகுவதற்கு நேரமும் ஆளும் கொடுக்காவிட்டால், ஒரு மாதத்தில் யாராவது விண்டோஸைத் திரும்பப் போட்டுவிடுவார்கள்.

விண்டோஸில் இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை

ஆகவே நான் பரிந்துரைப்பது நான்காவது வழி. அதில் உண்மையான உழைப்பு முதல் கட்டத்தில்தான் இருக்கிறது. நம் ஊர் அலுவலகங்களுக்கு அதில் பெரும்பங்கு தமிழ் எழுத்துருதான்.

ஆங்கிலக் கடிதங்களுக்குப் பெரிய பிரச்சினை இல்லை. கேலிப்ரி, கேம்ப்ரியா எழுத்துருக்களுக்குப் பதிலாக, எழுத்தின் அகலம் அச்சு அசலாக ஒத்துப்போகும் கார்லிட்டோ, கலேடியா என்ற எழுத்துருக்கள் லிப்ரெஆபிஸுக்கு உண்டு. வரி உடையும் இடம் பெரும்பாலும் மாறாது. தமிழுக்கு அப்படி இல்லை. லதா, விஜயா, நிர்மலா ஆகியவை விண்டோஸோடு வருபவை, லினக்ஸில் இருக்காது. அவற்றில் அடித்த கடிதத்தை லினக்ஸில் திறந்தால் லோகித் அல்லது நோட்டோ எழுத்துரு அந்த இடத்தில் வந்து உட்காரும். எழுத்தின் அகலம் வேறு என்பதால் ஒரு பக்கக் கடிதத்தின் கையெழுத்துப் பகுதி மட்டும் இரண்டாவது பக்கத்துக்குப் போய்விடும். பார்க்கிறவர், "லினக்ஸ் கடிதத்தைக் கெடுத்துவிட்டது" என்பார். இதற்குத் தீர்வு எளிது. விண்டோஸில் இருக்கும்போதே எல்லாக் கணினியிலும் நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ் இரண்டையும் இறக்கி நிறுவிவிடுங்கள். இனி எழுதும் எல்லாக் கடிதமும் அவற்றில்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் இலவசம், எல்லாத் தளத்திலும் ஓடும்.

இதைவிடப் பெரிய தலைவலி பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்கள். அவற்றில் உள்ள கோப்புகளுக்குள் உண்மையில் தமிழே கிடையாது. பாமினி இல்லாத கணினியில் அப்படி ஒரு கோப்பைத் திறந்து பாருங்கள்: "தமிழ்" என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் நிற்கும். தட்டச்சு செய்தவர் அழுத்திய விசைகள் அவை. எழுத்துரு அவற்றின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். இந்தக் கோப்பில் எதையும் தேட முடியாது, போனில் படிக்க முடியாது, இணையத்தில் ஒட்டவும் முடியாது. எந்தக் கணினியிலும் தமிழ் தமிழாகவே தெரியும் யூனிகோட் குறியீட்டை 2010-இலேயே தமிழ்நாடு அரசு தரமாக அறிவித்துவிட்டது. ஆனாலும் எத்தனையோ சங்கங்களின் தீர்மானப் புத்தகங்களும் பள்ளிகளின் வினாத்தாள்களும் இன்னும் பாமினிக்குள்தான் கிடக்கின்றன.

மாற்றித் தரும் கருவிகள் இருக்கின்றன. என்எச்எம் கன்வர்ட்டர் விண்டோஸில் ஓடும். பைத்தான் தெரிந்தவர்களுக்கு ஓபன்-தமிழ் என்ற திறமூல நிரல்தொகுப்பு உண்டு. எதைப் பயன்படுத்தினாலும் ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். பாமினிக் கோப்பில் தமிழுக்கு நடுவே "எல்ஐசி" என்று ஆங்கில எழுத்தில் அடித்திருந்தால், அது ஆங்கிலம் என்பதற்கான ஒரே அடையாளம் அந்த இடத்தில் மாறியிருக்கும் எழுத்துருதான். வெறும் எழுத்தாக நகலெடுத்து கன்வர்ட்டரில் போட்டால் அதையும் தமிழென்று நினைத்து மாற்றி, பொருளற்ற எழுத்துகளாகக் கொடுத்துவிடும். அதனால் மாற்றிய ஒவ்வொரு கோப்பையும் ஒருவர் உட்கார்ந்து படித்துப் பார்க்கத்தான் வேண்டும். அடிக்கடி தேவைப்படும் கோப்புகளை மட்டும் முதலில் மாற்றுங்கள். மீதியைப் பிடிஎஃப் ஆக்கி வைத்துவிடலாம். இந்த வேலை லினக்ஸுக்குப் போகாவிட்டாலும் செய்ய வேண்டியதுதான்.

விரிதாள் பக்கம் வந்தால், லிப்ரெஆபிஸ் கால்க்கில் மொழி அமைப்பை ஆங்கிலம் (இந்தியா) என்று மாற்றிவிடுங்கள். எண்கள் 1,00,000 என்று லட்சக் கணக்கில் காற்புள்ளியோடு வரும். இதைச் செய்யாமல் விட்டு, 100,000 என்று வருவதைப் பார்த்துக் கணக்குப்பிள்ளை முகம் சுளித்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. சாதாரணக் கூட்டல் கழித்தல், விலுக்அப், பிவட் எல்லாம் ஓடும். மேக்ரோ (கோப்புக்குள்ளேயே ஓடும் சிறு நிரல்) உள்ள எக்செல் கோப்புகள்தான் சிக்கல். சில ஓடும், சில ஓடாது. அரசுத் தளங்கள் தரும் மேக்ரோ உள்ள எக்செல் படிவங்களைக் கால்க்கில் நிரப்பிப் பார்க்காதீர்கள். அந்த வேலை விண்டோஸிலேயே இருக்கட்டும்.

மெயிலையும் இந்தக் கட்டத்திலேயே மாற்றிவிடுவது நல்லது. அவுட்லுக்கில் உள்ள பழைய மெயில்களை தண்டர்பேர்ட் நேரடியாக எடுத்துக்கொள்ள வேண்டுமானால் இரண்டும் ஒரே விண்டோஸ் கணினியில் இருக்க வேண்டும். விண்டோஸை அழித்த பிறகு இதைச் செய்ய முடியாமல் இல்லை, ஆனால் சுற்றி வளைத்துப் போக வேண்டும்.

இந்தக் கட்டத்தில் ஒரு மாதம், இரண்டு மாதம் போகட்டும். யாருக்கு எது முடியவில்லை என்பது தானாகவே தெரிந்துவிடும். அந்தப் பட்டியல்தான் அடுத்த முடிவுக்கு ஆதாரம்.

மேசை மேசையாக

கணக்கு மேசை: டேலி விண்டோஸுக்கு மட்டுமே எழுதப்பட்டது. விண்டோஸ் மென்பொருள்களை லினக்ஸில் ஓட்ட உதவும் வைன் என்ற மென்பொருள் வழியாக ஓட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். கணக்கு விஷயத்தில் நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். மார்ச் மாதக் கடைசியில் ஏதாவது நடந்தால் டேலிக்காரரும் பொறுப்பேற்க மாட்டார், லினக்ஸ் போட்டுத் தந்தவரும் பொறுப்பேற்க முடியாது. டிஜிட்டல் கையொப்ப டோக்கனும் இப்படித்தான். டோக்கனுக்கு லினக்ஸ் டிரைவர் கிடைத்தாலும், அரசுத் தளம் கேட்கும் கையொப்ப மென்பொருள் சேர்ந்து ஓட வேண்டும். உங்கள் வேலைக்கு எந்தத் தளம் தேவையோ அதில் சோதித்துப் பார்க்காமல் மாற்றாதீர்கள். ஆக, அலுவலகத்தில் உரிமத்தோடு ஒரு விண்டோஸ் 11 கணினி வாங்கி, அதைக் கணக்குக்கும் கையொப்பத்துக்கும் ஒதுக்குங்கள். விண்டோஸ் புரோ வாங்கினால் மற்ற லினக்ஸ் கணினிகளிலிருந்து ரெம்மினா என்ற மென்பொருள் மூலம் அதற்குள் நுழையலாம். ஹோம் பதிப்பில் அது முடியாது. புதிதாகத் தொழில் தொடங்குகிறவர் என்றால், பிரவுசரிலேயே ஓடும் இஆர்பிநெக்ஸ்ட் பக்கம் பாருங்கள். மும்பையில் உருவான திறமூல மென்பொருள், ஜிஎஸ்டி வசதியும் உண்டு. ஆனால் முதலில் உங்கள் ஆடிட்டரைக் கேளுங்கள். அவர் டேலி பேக்கப்தான் வேண்டும் என்றால் பேச்சு முடிந்தது.

டிடிபி மேசை: இங்கே அவசரப்படவே கூடாது. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001-இல். அதற்கு யூனிகோட் தெரியாது. அதையும் கோரல்டிராவையும் வைத்து இன்றும் ஊர் ஊருக்குப் பத்திரிகையும் நோட்டீஸும் அடிக்கிறார்கள் என்றால் காரணம், அழகழகான தமிழ் எழுத்துருக்களில் பெரும்பகுதி பழைய குறியீட்டில் இருப்பதுதான். பக்கம் வடிவமைக்கும் திறமூல மென்பொருளான ஸ்கிரைபஸ் 1.6 தமிழ் யூனிகோடைச் சரியாகக் கோக்கிறது, ஆஃப்செட் அச்சுக்குத் தேவையான நான்கு வண்ணப் பிடிஎஃபும் தருகிறது. படம் வரைய இங்க்ஸ்கேப் நல்ல கருவி. கோரல்டிரா கோப்புகளை ஓரளவு திறக்கும். போட்டோஷாப்புக்கு மாற்றாக 2025 மார்ச்சில் வந்த கிம்ப் 3.0 பழைய பதிப்பைவிட மிக மேல். ஆனால் போட்டோஷாப்பில் விரல் பழகிய ஒருவரிடம் கல்யாண சீசனில் இவற்றைக் கொடுத்தால் வேலை நின்றுவிடும். புதிதாக வேலை கற்கும் பையனோ பெண்ணோ இருந்தால் அவர்களைத் தொடக்கத்திலிருந்தே ஸ்கிரைபஸிலும் இங்க்ஸ்கேப்பிலும் பழக்குங்கள். மூத்தவரின் கணினியைத் தொடாதீர்கள்.

இ-சேவை மையம், ஆதார் வழியாகப் பணம் எடுத்துக் கொடுக்கும் இடம்: கைரேகைக் கருவிகளோடு வரும் சேவை மென்பொருள் பெரும்பாலும் விண்டோஸுக்கும் ஆண்ட்ராய்டுக்கும்தான். அந்தக் கணினி விண்டோஸிலேயே இருக்கட்டும்.

வரவேற்பு மேசை, பிரவுசர் வழியாக பில் போடும் மேசை, மெயில் மேசை, பயிற்சி வகுப்பு: இவற்றில்தான் லினக்ஸ் முதலில் நுழைய வேண்டும். பிரவுசர், லிப்ரெஆபிஸ், பிடிஎஃப், பிரிண்டர் இவ்வளவுதான் தேவை. ஜூம் லினக்ஸுக்கும் தருகிறார்கள். கூகுள் மீட், டீம்ஸ், வாட்ஸ்அப் எல்லாம் பிரவுசரில் ஓடும்.

வீட்டில் இந்த முடிவு இன்னும் எளிது. அப்பா அம்மா யூடியூப் பார்க்கவும், பென்ஷன் கணக்கைப் பார்க்கவும், பேரப்பிள்ளையோடு வீடியோவில் பேசவும் வைத்திருக்கும் கணினிக்கு லினக்ஸ் மின்ட் என்ற வகையைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. வந்து விழும் எக்ஸ்இ கோப்புகள் அதில் க்ளிக் செய்தாலும் அப்படியே ஓடாது. திரையில் "உங்கள் கணினிக்கு வைரஸ், இந்த எண்ணுக்குப் பேசுங்கள்" என்று பயமுறுத்தும் மோசடிக்கு லினக்ஸும் தடை போடாது என்பதை மட்டும் அவர்களிடம் சொல்லி வையுங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கும் பிரச்சினை இல்லை. விளையாட்டு என்றால் ஸ்டீம் என்ற விளையாட்டுத் தளம் வழியாக நிறைய விண்டோஸ் விளையாட்டுகள் ஓடும், வேலொரன்ட் ஓடாது. அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் வீட்டில் சண்டை வரும். கல்லூரியில் இன்ஜினியரிங் படிக்கிறவருக்கு ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ் தேவைப்படும். சில ஆன்லைன் தேர்வுகள் கேட்கும் பூட்டிய பிரவுசர் லினக்ஸில் கிடையாது. அவர்களுக்கு இரண்டையும் ஒரே கணினியில் வைக்கும் டூயல் பூட்தான் சரி. புரோகிராம் எழுதப் படிக்கிறவர் என்றால் லினக்ஸில் செலவிடும் ஒவ்வொரு மணி நேரமும் அவருக்கு வேலைக்கான பயிற்சி.

தமிழ்த் தட்டச்சு, பிரிண்டர்

தமிழ் அடிப்பதில் லினக்ஸ் உண்மையிலேயே முன்னால் நிற்கிறது. ஐபஸ்-எம்17என் என்ற தொகுப்பை நிறுவினால் தமிழ்99, போனெட்டிக், இன்ஸ்கிரிப்ட், பழைய தட்டச்சுப்பொறி முறை, இலங்கையில் புழங்கும் ரெங்கநாதன் முறை எல்லாம் ஒரே இடத்தில் வந்துவிடும். தட்டச்சு வகுப்பில் ஹையர் பாஸ் செய்த ஒருவர் தன் விரல் பழக்கத்தை மாற்றாமலே யூனிகோடில் அடிக்கலாம்.

பிரிண்டரை முதலிலேயே சோதித்துவிட வேண்டும். ஹெச்பி லேசர்களுக்கு ஹெச்பிலிப் என்ற டிரைவர் தொகுப்பு இருக்கிறது; சில மாடல்களுக்கு, உதாரணமாக 1020-க்கு, கூடுதலாக ஒரு பிளக்-இன் இறக்க வேண்டும். எப்சன் இங்க்டேங்குகளில் பலவும் எளிதாக ஓடும். பிரதர் தன் தளத்திலேயே டிரைவர் தருகிறது. ரசீது அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பெரும்பாலும் எப்சன் டிரைவரில் ஓடிவிடும். நம் ஊரில் திரும்பிய பக்கமெல்லாம் இருக்கும் கேனன் எல்பிபி 2900-தான் பிடிவாதம் பிடிக்கும். அதன் லினக்ஸ் டிரைவர் பழையது, புதிய பதிப்புகளில் நிறுவுவது எளிதல்ல. அது விண்டோஸ் கணினியிலேயே இருக்கட்டும். லினக்ஸ் மேசைகளுக்கு நெட்வொர்க் வசதியுள்ள, டிரைவர் இல்லாமலே ஓடும் புது பிரிண்டர் ஒன்றைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

எந்த லினக்ஸ்?

இதில் மணிக்கணக்கில் விவாதம் நடக்கும், ஆனால் அவ்வளவு தேவையில்லை. 8 ஜிபி ரேம் இருந்தால் லினக்ஸ் மின்ட் சினமன், 4 ஜிபி என்றால் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ. விண்டோஸில் பழகியவருக்கு இடது கீழ்மூலையில் மெனு, கீழே டாஸ்க்பார் என்று எல்லாம் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும். 22-ஆம் வரிசை மின்ட்டுக்கு 2029 வரை அப்டேட் வரும். டைம்ஷிஃப்ட் என்ற கருவி கூடவே வருகிறது. அமைத்துவிட்டால், ஒரு அப்டேட் சொதப்பினாலும் முந்தைய நிலைக்குத் திரும்பலாம். காசு கொடுத்து ஆதரவு வாங்க நினைக்கும் நிறுவனத்துக்கு, நீண்ட காலம் அப்டேட் வரும் உபுண்டு எல்டிஎஸ் பதிப்பு. உள்ளே நன்றாகத் தெரிந்த ஆள் இருந்தால் டெபியன். ஓர் அலுவலகத்தில் ஒரே வகை மட்டும் இருக்கட்டும், அது போதும்.

கூகுளின் குரோம்ஓஎஸ் ஃப்ளெக்ஸையும் சிலர் கேட்கிறார்கள். பழைய கணினியில் வேகமாக ஓடும். ஆனால் எல்லாமே கூகுள் கணக்கைச் சுற்றித்தான். இணையம் விட்டுவிட்டு வரும் ஊரில் நான் அதைச் சொல்ல மாட்டேன்.

எப்போது, எப்படி

பென்டிரைவில் மின்ட்டை ஏற்றி, நிறுவாமலே ஓட்டிப் பாருங்கள். வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, கேமரா தெரிகிறதா, பிரிண்டரில் ஒரு பக்கம் அடிக்கிறதா என்று பார்க்க அரை மணி நேரம் ஆகாது. சில ரியல்டெக், பிராட்காம் வைஃபை சிப்புகள் தகராறு செய்யும். அது இப்போதே தெரிந்தால் நல்லது. டூயல் பூட் போடுவதாக இருந்தால் விண்டோஸில் வட்டைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருக்கிறதா என்று பார்த்து, அதன் மீட்புச் சாவியை ஒரு தாளில் எழுதி வைத்த பிறகுதான் பார்ட்டிஷனைத் தொட வேண்டும். எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில் எல்லாக் கோப்புகளின் நகலும் இருக்க வேண்டும். அந்த நகலை வேறொரு கணினியில் திறந்தும் பார்த்துவிடுங்கள்.

சந்தேகம் வந்தால் தமிழிலேயே கேட்க இடம் இருக்கிறது. ஐஐடி பாம்பேயின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் லிப்ரெஆபிஸ், லினக்ஸ் பாடங்கள் தமிழ்க் குரலில் கிடைக்கின்றன. கணியம் என்ற இணைய இதழ் 2012 முதல் தமிழில் கட்டற்ற மென்பொருள் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறது. சென்னை, காஞ்சிபுரம், விழுப்புரம் ஆகிய ஊர்களில் லினக்ஸ் பயனர் குழுக்கள் இருக்கின்றன. கேட்டால் உதவுகிறவர்கள். ஆனாலும் அலுவலகத்துக்குள்ளேயே ஒருவரைப் பொறுப்பாக்கி, அவருக்கு வாரத்தில் சில மணி நேரம் இதற்கென்றே ஒதுக்குங்கள். மிச்சமாகும் உரிமப் பணத்தில் ஒரு பங்கு அவருக்குச் சம்பளமாகப் போகட்டும். லிப்ரெஆபிஸுக்கும் மின்ட்டுக்கும் கொஞ்சம் நன்கொடை கொடுத்தால் இன்னும் நல்லது. அவை நம்மைப் போன்றவர்கள் தருவதை வைத்துத்தான் நடக்கின்றன.

தேதியையும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். மார்ச், ஏப்ரல் வேண்டாம். ஜிஎஸ்டி கட்டும் அலுவலகம் என்றால் மாதத்தின் 11-ஆம் தேதிக்கும் 20-ஆம் தேதிக்கும் முன்னால் எதையும் மாற்றக் கூடாது. 20-ஆம் தேதிக்கான ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் முடிந்த மறுநாள், வரவேற்பு மேசையின் கணினியிலிருந்து தொடங்கலாம்.